மழை விட்ட மறுநாள் மலைப் பாதையில்...

"திருவண்ணாமலைக்குப் போனோம், சுவாமி தரிசனம் ஆச்சு, பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றினோம், பஸ் ஏறினோம்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடந்தீர்கள், சரி. மலைக்குள்ளே போனீர்களா? அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்து விட்ட மறுநாள்?

"மழையிலே மலைக்கா! உங்களுக்கென்ன பைத்தியமா?" என்கிறீர்களா? என் மருமகளும் இதையேதான் கேட்டாள். கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊரில் கடல் இல்லை. ஊருக்குள் ஆறும் ஓடவில்லை. பெண்ணையாற்றைப் பார்க்கச் சாத்தனூர் போக வேண்டும். செய்யாற்றைப் பார்க்கச் செங்கம் போக வேண்டும். இருந்தாலும் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஏரிக்குப் பெயர் என்ன தெரியுமோ? சமுத்திரம்! கடலையே பார்த்திராத ஒரு ராணி, "கடல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாளாம். ராஜா அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகாமல் இங்கேயே ஒரு பெரிய ஏரி வெட்டி, "இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம். ஊரில் வழங்குகிற கதை இது. (பெண்டாட்டியை வெளியூர் அழைத்துப் போகாமல் இருக்க எவ்வளவு செலவு செய்கிறார்கள், பாருங்கள்!) அந்தச் சமுத்திரம் நிரம்பிக் கோடி போனால் ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும்.

ஆனால் தண்ணீர் பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தான் போகவேண்டும்.

2023-ம் வருஷம் தீபாவளிக்குப் பிள்ளை, மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பேரனுக்கு ஆறு வயது. பேத்திக்கு அப்போதுதான் ஆண்டு நிறைவு ஆகியிருந்தது. மருமகள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆளே மாறிப் போயிருந்தாள். சென்னையில் மூன்றாவது மாடி வீடு. குழந்தை, சமையல், பெரியவனின் பள்ளிக்கூடம் என்று ஒரு வருஷமாக வாசல் தாண்டியதே இல்லை போலிருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிரிப்பும் குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லே அத்தை" என்பாள். மாமியாரிடம் மனசு விட்டுப் பேசுவது எல்லோருக்கும் சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? நானும் ஒரு காலத்தில் மருமகள்தானே.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பளீரென்று விடிந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் குழந்தை உன் பொறுப்பு. பால் கரைச்சு வெச்சிருக்கேன், சாதம் குழைய வடிச்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மருமகளையும் பேரனையும் கிளப்பினேன். அவன் முகம் போன போக்கைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

ரமணாசிரமத்தின் பின்பக்கமாகப் பாதை கிளம்புகிறது. கல் பாவிய பாதை. கந்தாசிரமம் வரை நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். மலையின் மொத்த உயரம் 2,600 அடிக்கு மேல். நாம் அதில் பாதிகூடப் போகவில்லை, பயப்படாதீர்கள்.

முதல் கால் மணி நேரம் ஏற்றம். மருமகள் இரண்டு தடவை நின்றாள். நானும் நின்றேன். அவளுக்காக நின்றேன் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் என் முழங்காலுக்கும் அந்த ஓய்வு தேவையாகத்தான் இருந்தது. வயதானவர்களும், பிரசவமாகி முதல் முறை நடக்கக் கிளம்புகிறவர்களும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியாமல் மூச்சு முட்டினால் நின்றுவிட வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. நிறைமாதக்காரிகள், என்னதான் ஆசை இருந்தாலும், மழை ஈரத்தில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு பக்கமும் பச்சை! வெப்பாலை, புங்கன், உசிலை, நாவல், நடுநடுவே சீதாப்பழச் செடி. மழையில் குளித்த இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது. கல்லிடுக்கில் சுருண்டு கிடந்த மரவட்டையைப் பேரன் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஓரிடத்தில் கம்மென்று ஒரு வாசனை. "அத்தை, யாரோ எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இல்லே?" என்றாள் மருமகள். எலுமிச்சைப் புல். இந்த மலைச் சரிவில் ஏராளம். ஒரு தாளைக் கசக்கி அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே வந்தாள்.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பாதையில் இந்த நிழல் கிடையாது. அந்தக் கால போட்டோக்களைப் பாருங்கள், மொட்டைப் பாறையும் காய்ந்த புல்லும்தான். விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்ந்தது, கோடைக்குக் கோடை புல்லில் தீ பிடித்தது. ஒரு பொறி போதும், ராத்திரி முழுக்க மலையில் நெருப்பு மாலை போட்டதுபோல் எரியும். 1980-களின் கடைசியில்தான் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து, நாற்றங்கால் போட்டு, குழி வெட்டி, மலையில் கன்று நட ஆரம்பித்தார்கள். நட்டதில் எத்தனையோ தீயில் போயிற்று. மறுபடி நட்டார்கள். தீ தாண்டி வராமல் இருக்கப் புல்லை வெட்டி அகலமான தடம் போட்டார்கள். இன்றைக்கும் கோடை வந்தால் அந்த வேலை நடக்கிறது. நாம் நிழலில் நடக்கும்போது ஒரு நிமிஷம் அவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

மரம் வந்ததால் தண்ணீருக்கு என்ன ஆயிற்று? இது எனக்கு ஒரு வனத்துறைக்காரர் அடுப்படி உதாரணத்தோடு சொன்னது. கவிழ்த்து வைத்த எவர்சில்வர் அண்டாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரு நொடியில் கீழே வந்துவிடும். அதே அண்டாவின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஊற்றிப் பாருங்கள். சாக்கு முதலில் குடிக்கும், பிறகு மெள்ள மெள்ளக் கசிய விடும். மொட்டைப் பாறை, வெறும் அண்டா. இலைச் சருகும் வேரும் மண்ணும்தான் சாக்கு. அதனால்தான் இப்போது மழை நின்ற பிறகும் பல நாளைக்கு ஓடைகளில் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது.

சத்தம்தான் முதலில் கேட்டது. "பாட்டி, டிராஃபிக் சத்தம்!" என்றான் பேரன். பட்டணத்துப் பிள்ளை, பாவம். இரண்டு பாறைகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியை உதறினாற்போல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய அருவியெல்லாம் இல்லை, குற்றாலத்தை நினைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஓரிடத்தில் நூலாக விழும், ஓரிடத்தில் பாறை முழுக்கப் பரவிக் கண்ணாடி போர்த்தினாற்போல் வழியும், இன்னோரிடத்தில் குழிக்குள் விழுந்து நுரைத்துச் சுழன்று அடுத்த குழிக்குத் தாவும். பேரன் ஒரு வெப்பாலை இலையைப் போட்டான். அது சுற்றிச் சுற்றி வந்து சட்டென்று இறங்கி மறைந்தது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை. அரை மணி நேரம் அவனுக்கு வேறு உலகமே இல்லை.

மருமகள் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "ராத்திரியிலே தூக்கமே வரதில்லே அத்தை. குழந்தை தூங்கினாலும் எனக்கு வரதில்லே. காரணமில்லாம அழுகை வருது. யார்கிட்டேயும் சொல்லலே" என்றாள்.

நான் பதில் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரசவத்துக்குப் பின் இப்படி மனசு சோர்ந்து போவது எத்தனையோ பெண்களுக்கு வருகிறது. அதற்கு வைத்தியம் உண்டு. 'எல்லாம் திமிர்' என்று பேசுகிற மாமியார்களில் நான் ஒருத்தி இல்லை. ஆனால் ஒரு வருஷமாக என் கண்ணுக்கும் அது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. சென்னைக்குத் திரும்பிய வாரமே டாக்டரிடம் போக ஏற்பாடு செய்தோம். அந்தக் கதை இருக்கட்டும், நடையைத் தொடருவோம்.

கந்தாசிரமத்தில் தென்னை மரங்களும், ஊற்று நீரும், பேச்சுக் குரலே இல்லாத அமைதியும். அங்கிருந்து கீழே பார்த்தால் அண்ணாமலையார் கோயில் முழுவதும் கோலப் புள்ளி வைத்தாற்போல் தெரியும். 217 அடி ராஜகோபுரம் சாண் உயரத்தில் நிற்கும். ரமண மகரிஷி 1916-லிருந்து 1922 வரை இங்கே இருந்தார். அதற்கு முன்னால், 1899-லிருந்து, சற்றுக் கீழே விருபாக்ஷ குகையில். விருபாக்ஷ குகைப் பக்கம் அந்த நாளில் கோடையில் தண்ணீர் கிடைக்காது என்று கீழே மாமரத்துக் குகைக்கு இறங்கிவிடுவாராம். எங்கே குடியிருப்பது என்பதை இந்த மலையில் தண்ணீர்தான் தீர்மானித்திருக்கிறது.

1916-ல் அவருடைய தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்தார். மலைமேல் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்தது அவர்தான். அதற்கும் முன்னாலிருந்தே எச்சம்மாள் என்ற அம்மையார் தினமும் கீழேயிருந்து சாப்பாடு சமைத்து எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். கணவனையும் பெற்ற குழந்தைகளையும் பறிகொடுத்துவிட்டு, துக்கம் தாளாமல் இங்கே வந்தவர். கையில் பாத்திரத்தோடு, மழையிலும் வெயிலிலும், வருஷக் கணக்காக! நாம் ஒரு தண்ணீர் பாட்டிலோடு மூச்சு வாங்குகிறோம்.

கந்தாசிரமத்திலிருந்து விருபாக்ஷ குகைக்கு இறங்கும் வழி செங்குத்து. அங்கேதான் எங்களுக்கு ஆபத்து வந்தது.

மேலே உச்சியில் எப்போது மேகம் கூடியதோ தெரியாது. எங்கள் தலைமேல் ஒரு பொட்டு மழை இல்லை. பாதையைக் குறுக்கே கடந்து ஓர் ஓடை. கணுக்கால் அளவு தண்ணீர்தான். பேரன், "நான் ஃபர்ஸ்ட்" என்று காலை வைக்கப் போனான். பின்னால் வந்த ஒரு வயதான அம்மா, தலையில் புல்லுக்கட்டு, "ஏ புள்ளே, நில்லு!" என்று ஒரு அதட்டல் போட்டார். அதட்டலில் மருமகள் திடுக்கிட்டு அவனைப் பிடிக்கப் பாய்ந்தாள். பாசி படிந்த கல்லில் கால் வைத்துச் சறுக்கினாள். நல்லவேளை, உட்கார்ந்தாற்போல் விழுந்தாள். பையன் சட்டை அவள் கையில். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

"தண்ணி கலரைப் பாத்தீங்களாம்மா?" என்றார் அந்த அம்மா. பார்த்தேன். இத்தனை நேரம் தெளிவாக இருந்த நீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. "மேல கொட்டுது. இன்னும் ஏறும். ஓரமா, மேடா உக்காருங்க. அவசரமா?"

உட்கார்ந்தோம். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், பத்து நிமிஷத்துக்குள் கணுக்கால் தண்ணீர் முழங்கால் அளவு ஆகி, கற்களை உருட்டுகிற 'கடகட' சத்தத்தோடு ஓடியது. அந்த வேகத்தில் முழங்கால் அளவு போதும், பெரியவர்களையே தள்ளிவிடும். ஆறு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்? என் கை நடுங்கியது நிற்க வெகுநேரம் ஆயிற்று. முக்கால் மணி கழித்துத் தண்ணீர் தெளிந்து தாழ்ந்த பிறகு, புல்லுக்கட்டு அம்மாவே முன்னால் இறங்கி, பேரன் கையைப் பிடித்து அக்கரை சேர்த்தார். பணம் நீட்டினேன். வாங்கவில்லை. பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு மாமியின் பெண் கனடாவில், வான்கூவரில் இருக்கிறாள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே கடற்கரைக் காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் நடந்து போய் 'ஸ்கூக்கும்சக்' என்ற இடத்தைப் பார்த்ததைச் சொன்னாள். பாறைக் கரைகளுக்கு இடையே ஒரு குறுகலான கடல் வழி. கடல் ஏறும்போதும் வடியும்போதும் அதன் வழியாகத் தண்ணீர் முழுவதும் பாய வேண்டும். சில நாட்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நீர் மட்டத்தில் ஆறடிக்கு மேல் வித்தியாசம். அந்த ஊர்ப் பழைய வியாபார பாஷையில் 'ஸ்கூக்கும்' என்றால் வலிமை, 'சக்' என்றால் தண்ணீர். அங்கே எந்த நாள், எத்தனை மணிக்கு வேகம் அதிகம் என்று அச்சடித்த அட்டவணையே உண்டாம். அதைப் பார்த்துக்கொண்டுதான் காட்டுப் பாதையில் நடக்கக் கிளம்புகிறார்கள். நம் மலைக்கு அட்டவணை கிடையாது. தண்ணீரின் நிறமும், புல்லுக்கட்டு அம்மாவும்தான்.

அடுத்த வருஷம், 2024 டிசம்பர் 1. முந்தின நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியிருந்தது. எங்கள் ஊரில் நின்றபாடில்லாத மழை. அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எத்தனை நாள் இந்த ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை! அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. உச்சியில் தீபம் எரிந்தது. நாங்கள் கீழேயிருந்து கும்பிட்டோம். மரம் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்ல நான் நிபுணர் இல்லை. அத்தனை மழைக்கு எது தாங்கும்? ஆனால் அடிவாரத்துச் சரிவில் வெட்டிக் குடைந்து வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

"இவ்வளவும் சொல்லிவிட்டு எங்களைப் போகவும் சொல்கிறீர்களே!" என்பீர்கள். ஆமாம், போகச் சொல்கிறேன். மழை பெய்கிற அன்று அல்ல. விட்ட மறுநாள் அல்லது அதற்கும் அடுத்த நாள், உச்சியில் மேகம் இல்லாத காலை வேளையில். போவதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வனத்துறையார் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம். அனுமதியில்லாமல் உச்சிப் பக்கம் போகவே போகாதீர்கள். ஹவாய் செருப்பு ஈரப் பாறையில் எமன். பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ போடுங்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், சுடிதார் இன்னும் நல்லது. தின்பண்டத்தை வெளியே தெரிகிற மாதிரி கொண்டுபோனால் குரங்கார் பங்கு கேட்பார்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குழந்தைகளுக்கு அப்படியே குடிக்கக் கொடுக்கக் கூடாது. குரங்கும் மானும் மற்றதும் புழங்குகிற இடம். காலில் வெட்டுக் காயம் இருந்தால் தேங்கின தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. போய்வந்த நாலைந்து நாளில், ஏன் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட, கடும் ஜுரமும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் சேற்றுப்புண் வராது.

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது மணி இரண்டரை. பேத்தி அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் சட்டை முழுக்கக் குழைந்த சாதம். மருமகள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், பாருங்கள், ஒரு சிரிப்பு! வந்து இறங்கிய நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. எலுமிச்சைப் புல்லைச் சுக்கோடு கொதிக்க வைத்து, கருப்பட்டி போட்டு, நாலு பேரும் குடித்தோம். சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டே, "அடுத்த மழைக்கும் போகலாமா அத்தை?" என்றாள்.

இப்போது அவர்கள் சென்னையில். மருமகள் தேறிவிட்டாள், காலையில் கடற்கரையில் நடக்கிறாள். திருவண்ணாமலையில் மழை என்று டி.வி.யில் சொன்னால் போதும், பேரனிடமிருந்து போன் வந்துவிடும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டான்.

"பாட்டி, தண்ணி என்ன கலர்?"